எல்லையில் நடுங்காத கைகள் ஊரடங்கில் நடுங்கியது ஏன்? - முத்துநகர் கரையோரம் ஒரு பயணம்

மணியாச்சியில் பிரிந்து தூத்துக்குடி நோக்கி ஓடும் ரயில் பாதையில் தட்டப்பாறை என்று ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கிறது. ஜன்னலோர சீட்டுக்காரர்கள்கூட அதைக் கண்டுகொள்வதில்லை. இறங்கப்போகிறோம் என்று பையைத் தேடும் நேரம் அது. ஆனால், தொற்றுநோய்க்கும் இந்தக் கரைக்கும் உள்ள பழைய உறவைத் தெரிந்துகொள்ள, தட்டப்பாறைதான் சரியான இடம்.

நூறு வருஷத்துக்கு முன்பு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன தமிழர்கள் பலர் தூத்துக்குடியில்தான் கப்பல் ஏறினார்கள். பிளேக்கும் காலராவும் மிரட்டிய காலம். அதனால் அவர்களை நேராகத் துறைமுகத்துக்கு அனுப்பாமல், தட்டப்பாறை முகாமில் தங்கவைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகே கப்பல் ஏற்றினார்கள். 'குவாரன்டைன்' என்ற வார்த்தை நம் வீட்டு அடுப்படிக்குள் வந்தது 2020ல். தட்டப்பாறைக்கு அது எப்போதோ வந்துவிட்டது.

அந்தப் பாதையில் இன்று பயணிப்பவர்களில் பழைய பச்சை நிறப் பையும், ஒட்ட வெட்டிய முடியும், நிமிர்ந்த முதுகுமாக ஒருவராவது இருப்பார். ஊரில் அவருக்குப் பெயர் 'மிலிட்டரி'. அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கும். கொரோனா காலம் இந்த 'மிலிட்டரி'களில் சிலரை எப்படிப் புரட்டிப்போட்டது என்பதை வெளியே பேசியவர்கள் குறைவு. காரணம், பேச வேண்டியவர்களே வாய் திறப்பதில்லை.

முத்து, சங்கு, உப்பு... கூடவே பட்டாளம்

தூத்துக்குடியைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள் போதாது. கடற்கரைச் சாலையில் பனிமய மாதா பேராலயம், பக்கத்தில் பழைய துறைமுகம், அங்கே சரக்கு ஏற்றக் காத்திருக்கும் தோணிகள். வடக்கே திரேஸ்புரத்தில் நாட்டுப் படகுகளும் சங்குகுளிப்பவர்களும். தெற்கே புதிய துறைமுகமும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும். நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை வெளேரென்று உப்பளங்கள். குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிகம் உப்பு விளைவது இங்கேதான்.

இந்தக் கரைக்கு 'முத்துக்குளித்துறை' என்று பெயர். கொற்கைப் பாண்டியர் காலத்திலிருந்து முத்துக்குப் பேர்போன கடல். 16ம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் வந்தார்கள். 1658ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். பிறகு ஆங்கிலேயர்கள். எல்லோருக்கும் ஒரே கண், முத்து மேல்தான். 1955 முதல் 1961 வரை அரசே முத்துக்குளிப்பு நடத்தியது. அதன்பிறகு சிப்பி வளம் குறைந்து அந்தத் தொழில் நின்றுபோனது. 1973ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் இதே ஊரில் செயற்கை முறையில் முத்து வளர்த்துக் காட்டினார்கள்.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கரையில் திடீரென்று ஓர் ஊரே முளைக்கும். குளியாட்கள், வியாபாரிகள், சிப்பி உடைப்பவர்கள், கடைக்காரர்கள் என்று ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். ஓலைக் கொட்டகை, குடிதண்ணீர்த் தட்டுப்பாடு, அழுகும் சிப்பி நாற்றம். அந்த முகாம்களில் திருடனைவிட எல்லோரும் பயந்தது காலராவுக்குத்தான். கூட்டம் கூடினால் நோய் வரும் என்பது இந்தக் கரைக்குப் புதிய பாடம் இல்லை.

கடலை விட்டு மேற்கே திரும்பினால் மண் நிறம் மாறும். ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி, கயத்தாறு. எல்லாம் கரிசல் பூமி. வானம் பார்த்த விவசாயம். 1799ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறும், அவர் கோட்டை கட்டியிருந்த பாஞ்சாலங்குறிச்சியும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. மழை பொய்த்தால் பையன்களுக்கு முன்னால் இருந்த வழிகள் மூன்று: தீப்பெட்டி ஆபீஸ், துறைமுக வேலை, பட்டாளம். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமா தாக்குதலில் உயிரிழந்த சி.ஆர்.பி.எஃப். வீரர் சுப்பிரமணியன், கயத்தாறு பக்கத்துச் சவலாப்பேரியைச் சேர்ந்தவர்.

சிப்பாயாகச் சேர்ந்த ஒருவர் பெரும்பாலும் 40 வயதுக்கு முன்பாகவோ, அதை ஒட்டியோ ஓய்வு பெற்றுவிடுவார். மற்றவர்கள் வாழ்க்கையில் காலூன்றும் வயதில், அவர் வாழ்க்கையின் ஒரு பகுதியை முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்புவார். பிறகு வங்கி வாசலிலோ, ஏ.டி.எம்.மிலோ, கம்பெனி கேட்டிலோ செக்யூரிட்டி வேலை. சிலருக்குப் பென்ஷனே போதும். சியாச்சின் குளிர், காஷ்மீர் இரவுகள், 1987 முதல் 1990 வரை இலங்கையில் அமைதிப்படையில் இருந்த நாட்கள் எல்லாம் மனசுக்குள் ஒரு டிரங்குப் பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். அதிலும் அமைதிப்படையில் இருந்தவர்களுக்கு, இந்தக் கரையில் நின்றால் எதிரே இருப்பது அதே இலங்கை.

மார்ச் 24, மாலை 6 மணி

2020 மார்ச் 24, மாலை 6 மணிக்குத் தமிழகம் முழுக்க 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. அன்று இரவே நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. தோணிகள் கரையில் கட்டப்பட்டன. பேராலயக் கதவு சாத்தப்பட்டது. டாஸ்மாக் கடைகளும் மூடப்பட்டன.

ஊர் அடங்கியதைப் பலர் நினைவில் வைத்திருப்பது வேறு வேறு விதமாக. இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு 2020 ஜூன் மாதம் மறக்காது. சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி போலீஸார் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். அதன்பிறகு வெளியே கால் வைக்கவே ஜனங்கள் பயந்தார்கள்.

அதே ஜூன் மாதம் துறைமுகத்தில் வேறொரு காட்சி. கடற்படையின் 'சமுத்திர சேது' திட்டத்தில் ஐ.என்.எஸ். ஜலஷ்வா கப்பல் கொழும்பிலிருந்தும், மாலத்தீவிலிருந்தும், பிறகு ஈரானிலிருந்தும் ஊர் திரும்ப முடியாமல் தவித்தவர்களைத் தூத்துக்குடிக்கு ஏற்றி வந்தது. ஜூன் 2ம் தேதி கொழும்பிலிருந்து சுமார் 685 பேர். ஜூன் 7ம் தேதி மாலத்தீவிலிருந்து 700 பேர். ஜூலை 1ம் தேதி ஈரானிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் மீனவர்கள். சீருடையில் இருந்தவர்களை மக்கள் கையெடுத்துக் கும்பிட்ட நேரம் அது. சீருடையைக் கழற்றிவிட்டு வீட்டுத் திண்ணையில் இருந்தவர்களை யாரும் கவனிக்காத நேரமும் அதுதான்.

மூன்று பயணங்கள்

ஓய்வு பெற்ற ஒரு ராணுவ வீரரின் மாதத்தைக் கட்டிப்போட்டு வைத்திருப்பவை மூன்று பயணங்கள். பென்ஷன் எடுக்க வங்கிக்கு ஒன்று. மாத்திரை வாங்க இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குக்கு ஒன்று. கேன்டீனுக்கு ஒன்று. மூன்றிலும் காரியம் சின்னது. ஆனால், அங்கேதான் பழைய ஆட்களைப் பார்க்க முடியும். 'எந்த ரெஜிமென்ட்?' என்று கேட்டு, அரைகுறை இந்தியில் நாலு வார்த்தை பேசி, ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் அந்த மாதத்துக்குப் போதும். பெண்டாட்டி பிள்ளைகளிடம் சொல்ல முடியாததைச் சொல்லும் இடம் அது.

ஊரடங்கு இந்த மூன்றையும் ஒரே நாளில் அறுத்தது. பஸ் இல்லை. கேன்டீன்கள் பல இடங்களில் மூடப்பட்டன. திறந்தபோது டோக்கன், வரிசை, இடைவெளி. மருந்தை வெளிக்கடையில் வாங்கிவிட்டுப் பிறகு பணம் கேட்டுக்கொள்ளலாம் என்று இ.சி.எச்.எஸ். சலுகை தந்தது. பென்ஷன்காரர்களின் உயிர்வாழ் சான்று கெடுவும் 2021 பிப்ரவரி 28 வரை நீட்டிக்கப்பட்டது. அகவிலைப்படி உயர்வு 2020 ஜனவரி முதல் 18 மாதங்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. நோய்த் தொற்றைத் தடுக்க, 'வயதானவர்கள் வெளியே வராதீர்கள்' என்பது சரியான யோசனைதான். ஆனால், கூட்டத்தோடு எழுந்து, கூட்டத்தோடு சாப்பிட்டு, கூட்டத்தோடு தூங்கியே பழகிய ஒரு மனிதனை ஓர் அறைக்குள் உட்காரவைத்தால் என்ன ஆகும் என்பதை அந்த யோசனை கணக்கில் எடுக்கவில்லை.

வேலையில் இருந்தபோது அவருக்கு ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஓர் உத்தரவு இருந்தது. இப்போது டி.வி.யில் ஆம்புலன்ஸ் சத்தம், சாவு எண்ணிக்கை, முகம் மூடிய ஆட்கள். ஆபத்து எங்கிருந்து வரும் என்று தெரியாமல் எப்போதும் உஷாராக இருக்கும் நிலை அவருக்குப் புதிதல்ல. புதிது என்னவென்றால், இங்கே எதிரி கண்ணுக்குத் தெரியவில்லை, கையில் துப்பாக்கியும் இல்லை, பக்கத்தில் ஆளும் இல்லை.

'மிலிட்டரி சரக்கு'

கரிசல் பக்கமோ கடல் பக்கமோ, முன்னாள் ராணுவத்தினரிடம் ஊர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"என்ன அண்ணாச்சி, கேன்டீன் போயிட்டு வந்தாச்சா? நமக்கு ஒண்ணு உண்டா?"

சிரித்துக்கொண்டே கேட்பார்கள். கல்யாண வீடோ, சடங்கு வீடோ, கோயில் கொடையோ, 'மிலிட்டரி சரக்கு' என்றால் தனி மரியாதை. பணியில் இருந்தபோது மலை உச்சிக் குளிரில் பழகிய ரம், ஊருக்கு வந்த பிறகு மாத ஒதுக்கீடாகத் தொடர்கிறது. எல்லா முன்னாள் வீரர்களும் குடிப்பவர்கள் இல்லை. குடிக்கும் எல்லோரும் அடிமைகளும் இல்லை. ஆனால், குடியை ஒரு கௌரவமாகவே ஊர் பார்த்துப் பழகிவிட்டதால், ஒருவருக்கு அது நோயாக மாறும்போது அவரால் சொல்லவும் முடிவதில்லை, வீட்டாரால் கேட்கவும் முடிவதில்லை.

இந்தப் பிரச்னை ராணுவத்தினருக்கு மட்டும் உரியதல்ல. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் 2019ல் வெளியிட்ட அறிக்கைப்படி, நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு மதுவால் வந்த பிரச்னைகளுக்கு உதவி தேவைப்படுகிறது. பதற்றமும் பழைய நினைவுகளும் கூடவே இருப்பவர்களுக்கு, அந்த உதவி இன்னும் அவசரமாகத் தேவைப்படுகிறது.

காரணம் எளிது. மது, மூளையின் பரபரப்பைக் கொஞ்ச நேரம் அடக்கும். படபடப்பு குறையும், தூக்கம் வரும். போதை இறங்கும்போது அதே படபடப்பு வட்டியோடு திரும்பி வரும். அதிகாலை 3 மணிக்கு வியர்த்து விழிப்பு வரும். மறுநாள் அதை அடக்க இன்னும் கொஞ்சம். கந்துவட்டிக்கு வாங்கிய கடன் மாதிரிதான். அசல் அப்படியே இருக்கும்.

கை ஏன் நடுங்கியது?

டாஸ்மாக் மூடியதும் பல வீடுகளில் பெண்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அது நியாயமானது. பல வருஷங்களில் முதல்முறையாகச் சம்பளப் பணம் முழுசாக வீட்டுக்கு வந்தது. அளவோடு குடித்துவந்த பலர் அந்த ஆறு வாரங்களில் சிரமம் இல்லாமல் விட்டார்கள். சிலர் அதோடு நிரந்தரமாகவும் விட்டுவிட்டார்கள்.

ஆனால், வருஷக்கணக்காக தினமும் அதிகம் குடித்த ஒருவர் திடீரென்று நிறுத்துவது வேறு விஷயம். மூளை மதுவுக்கு ஏற்றபடி தன்னை மாற்றி வைத்திருக்கும். கடைசியாகக் குடித்த சில மணி நேரங்களில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம், மூன்றாம் நாட்களில் சிலருக்கு மனக்குழப்பம் வந்துவிடும். இல்லாத ஆட்கள் தெரிவார்கள், இல்லாத சத்தம் கேட்கும். 'டெலிரியம் ட்ரெமென்ஸ்' என்று டாக்டர்கள் சொல்லும் இந்த நிலை, சிகிச்சை இல்லாவிட்டால் உயிரையே எடுக்கும்.

போர்முனையில் இருந்து வந்த ஒருவருக்கு இல்லாத குரல் கேட்டால், வீட்டில் அதை எப்படிப் புரிந்துகொள்வார்கள்? 'மிலிட்டரிக்குப் பழைய ஞாபகம் வந்துடுச்சு' என்பார்கள். 'காத்து கருப்பு' என்பார்கள். கொரோனா காய்ச்சலோ என்று பயந்து தனி அறையில் போட்டுக் கதவைச் சாத்துவார்கள். அந்தத் தனி அறைதான் ஆபத்து.

2020 ஊரடங்கின் தொடக்க வாரங்களில் பெங்களூரு மருத்துவமனைகளின் பதிவுகளை நிமான்ஸ் மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, மது நிறுத்தத்தால் வரும் கடுமையான சிக்கல்களோடு வருபவர்கள் நாளுக்கு 4 பேரில் இருந்து 8 பேராக இரட்டிப்பானது தெரிந்தது. கேரளாவில், டாக்டர் சீட்டு கொடுத்தால் மது தரலாம் என்று அரசே ஓர் உத்தரவு போட்டது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள். ஏப்ரல் 2ம் தேதி கேரள உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. மதுவுக்கு மருந்து மது இல்லை என்பது மருத்துவர்களின் வாதம்.

நம் கரையிலும் துயரம் நடந்தது. அதே ஏப்ரலில், புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் மது கிடைக்காமல், ஷேவிங் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்த மீனவர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் தேடியது போதையை என்று ஊர் சொன்னது. ஆனால், நடுக்கத்தை நிறுத்த எதையாவது குடிக்கும் நிலை அடிமையானவர்களுக்கு வரும் என்பதை ஊர் அறிந்திருக்கவில்லை.

மே 7ம் தேதி சென்னை தவிர்த்த பகுதிகளில் டாஸ்மாக் திறந்தபோது, ஒரே நாளில் சுமார் 170 கோடி ரூபாய்க்கு விற்பனை. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றத் தடைக்குப் பிறகு மே 16ல் மீண்டும் திறந்தது. 2021 இரண்டாம் அலையில் மே 10ம் தேதி மூடி, ஜூன் 14ம் தேதி தூத்துக்குடி உள்ளிட்ட மாவட்டங்களில் திறந்தார்கள். மூடுவதும் திறப்பதும் அரசுக்கு ஓர் உத்தரவு. குடிநோயாளியின் உடம்புக்கோ ஒவ்வொன்றும் ஓர் அதிர்ச்சி. ஆறு வாரம் விட்ட பிறகு உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே முதல் நாள் குடித்தால், அது பழைய அளவு இல்லை.

விரதமும் நின்றது

இந்தக் கரையோரத்தில் குடியை நிறுத்த டாக்டர்கள் வருவதற்கு முன்பே ஒரு வழி இருந்தது. அதற்குப் பெயர் விரதம்.

திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினம். முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டு, காளி, குறவன், குறத்தி, போலீஸ், ராஜா என்று வேஷம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை எடுப்பார்கள். மாலை போட்டவர் குடிக்கக் கூடாது. ஊரே கண்காணிக்கும். "மாலை போட்டிருக்கீரு, தள்ளி நில்லும்" என்று நண்பர்களே விலக்கி வைப்பார்கள். திருச்செந்தூர் கந்தசஷ்டியும் சபரிமலைக் கார்த்திகையும் அப்படித்தான். மருத்துவ மொழியில் சொன்னால், அது குழுவோடு சேர்ந்து குடிக்காமல் இருக்கும் பயிற்சி. வருஷத்தில் நாற்பது நாளாவது ஈரல் ஓய்வெடுக்கும். சிலர் மாலையைக் கழற்றிய பிறகும் பாட்டிலைத் தொடாமல் இருந்துவிடுவார்கள்.

2020ல் பனிமய மாதா திருவிழா பக்தர்கள் கூட்டம் இல்லாமல் நடந்தது. குலசை தசராவின் முக்கிய நாட்களில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. திருச்செந்தூர் சூரசம்ஹாரமும் கடற்கரை நிறைந்த கூட்டம் இல்லாமலேயே முடிந்தது. மாலை போட வாய்ப்பில்லாதவருக்கு, குடிக்காமல் இருக்க ஊர் ஒத்துக்கொண்ட ஒரே சாக்கும் போனது. தேவாலய வளாகங்களிலும் பள்ளி அறைகளிலும் நடந்துவந்த 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்களும் நின்று, பல இடங்களில் ஆன்லைனுக்குப் போயின. ஸ்மார்ட்போனில் முகம் காட்டிப் பேசத் தெரிந்தவர்கள் தொடர்ந்தார்கள். பட்டன் போன்காரர்கள் விடுபட்டுப்போனார்கள்.

இந்த அமைப்பை 1935ல் அமெரிக்காவில் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன், முதல் உலகப் போரில் ராணுவ அதிகாரியாக இருந்தவர். அவர் குடிக்கப் பழகியதே ராணுவப் பயிற்சிக் காலத்தில்தான். அவர் குடியை நிறுத்தியது, தன்னைப் போலவே தவித்த இன்னொருவரோடு உட்கார்ந்து பேசியதால். ஆளோடு ஆள் பேசுவதுதான் அங்கே மருந்து. ஊரடங்கு பறித்ததும் அதைத்தான்.

மற்ற நாடுகளில் என்ன நடந்தது?

தொற்றுநோயும் போர்வீரர்களும் சேர்ந்து வருவது உலகத்துக்கு இது முதல் தடவை இல்லை. 1918ல் இன்ஃப்ளுயன்ஸா காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்தது பம்பாய்த் துறைமுகம் வழியாக. போரிலிருந்து திரும்பிய துருப்புக் கப்பல்களே அதைக் கொண்டுவந்தன என்று கருதப்படுகிறது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று உயிர் தப்பி ஊர் திரும்பிய சிப்பாய்களின் மனம் என்ன பாடுபட்டது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்த முறை சில நாடுகள் கேட்டுப் பார்த்தன. பிரிட்டனில் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள், முன்னாள் வீரர்களிடம் கொரோனாவுக்கு முன்பும் அதன்போதும் கேள்விகள் கேட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால், அளவு மீறிக் குடிப்பவர்கள் குறைந்திருந்தார்கள். பார்கள் மூடியதும் கூட்டுக் குடி குறைந்ததும் காரணமாக இருக்கலாம். ஆனால், வேலை, பணம், உறவு என்று கொரோனா காலச் சிக்கல்கள் அதிகம் சந்தித்தவர்களிடம் மனநலப் பிரச்னைகளும் தனிமையும் அதிகம் இருந்தன. அமெரிக்க ஆய்வுகளும் இதே திசையில்தான் பேசின. பெரும்பாலான முன்னாள் வீரர்கள் தாக்குப்பிடித்தார்கள். ஏற்கெனவே மன அழுத்தமும் தனிமையும் உள்ளவர்கள் மேலும் சரிந்தார்கள்.

இதில் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. பட்டாளத்துப் பயிற்சி, கஷ்டத்தைத் தாங்கச் சொல்லித்தருகிறது. பல மாநிலங்களில் முன்னாள் படைவீரர்கள் கொரோனா காலத்தில் தன்னார்வலர்களாக வெளியே வந்து வேலை செய்தார்கள். கையில் வேலை இருந்தவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். ஒன்றும் இல்லாமல் அறைக்குள் இருந்தவர்கள்தான் உள்ளுக்குள் உடைந்தார்கள். ஆக, பிரச்னை தைரியம் இல்லாதது அல்ல. கூட ஆள் இல்லாதது.

இன்னொரு இடைவெளியும் உண்டு. ராணுவம், கடற்படை, விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு இ.சி.எச்.எஸ். உண்டு. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற துணை ராணுவப் படைகளில் இருந்து வந்தவர்கள் அந்தத் திட்டத்தில் சேர மாட்டார்கள். ஊருக்கு எல்லோரும் 'மிலிட்டரி'தான். ஆஸ்பத்திரி கவுன்டரில் மட்டும் அவர்கள் வேறு வேறு.

கயிற்றைப் பிடிக்க ஒரு மச்சான்

முத்துக்குளிப்பவர் கல்லைக் காலில் கோத்துக் கடலுக்குள் இறங்குவார். ஒரு நிமிஷம் போல மூச்சடக்கிச் சிப்பி அள்ளுவார். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கயிறு அசைந்தால் இழுத்துவிட வேண்டும். ஒரு கணம் பிந்தினாலும் ஆள் திரும்பாது. அந்தக் கயிற்றைப் பெரும்பாலும் பெண்டாட்டியின் உடன்பிறந்தவரிடம்தான் கொடுப்பார்கள் என்று கரையோரத்தில் சொல்வார்கள். தங்கச்சியின் தாலிக்காகவாவது மச்சான் கண் அசர மாட்டான் என்ற நம்பிக்கை.

குடியை விடப் போராடும் ஒருவருக்கும் அப்படி ஓர் ஆள் தேவை. என்ன செய்யலாம்?

தினமும் அதிகம் குடிப்பவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்த முடிவெடுத்தால், அதற்கு முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க மருந்துகள் உண்டு. பி1 வைட்டமினும் கொடுப்பார்கள். சில நாட்கள் கண்காணிப்பில் இருந்தால் இந்தக் கட்டத்தைப் பத்திரமாகத் தாண்டலாம்.

வலிப்பு, குழப்பமான பேச்சு, இல்லாததைப் பார்ப்பது, கடும் காய்ச்சல் என்று எது வந்தாலும், அது அவசர சிகிச்சை தேவைப்படும் நிலை. 108க்கு அழைக்க வேண்டும். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. செலவைப் பற்றி யோசித்துத் தாமதிக்க வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது 'இவர் ராணுவத்தில் இருந்தவர்' என்று சொல்லுங்கள். தூக்கத்தில் அலறுவது, சத்தம் கேட்டால் திடுக்கிடுவது, கூட்டத்தைத் தவிர்ப்பது ஆகியவற்றையும் சொல்லுங்கள். குடிக்கு மட்டும் சிகிச்சை கொடுத்து, உள்ளே இருக்கும் பதற்றத்தை விட்டுவிட்டால் குடி திரும்பி வரும். இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும்.

நேரில் போகத் தயங்குபவர்களுக்கு 14416 என்ற டெலி மனஸ் எண் இருக்கிறது. கொரோனா தந்த பாடத்தால் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட சேவை இது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 சுகாதார உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். போதை மீட்புக்கு என்றே 14446 என்ற தேசிய உதவி எண்ணும் உண்டு.

கடைசியாக, ஊர் செய்ய வேண்டியது ஒன்று. கேன்டீன் போய் வரும் அண்ணாச்சியிடம் 'நமக்கு ஒண்ணு உண்டா?' என்று கேட்பதை நிறுத்தலாம். அவர் வேண்டாம் என்று தீர்மானித்திருக்கும் நாளில், அந்த ஒரு கேள்வி போதும் தீர்மானத்தைக் கவிழ்க்க. அதற்குப் பதிலாக, "அண்ணாச்சி, சாயங்காலம் பீச் ரோடு வரைக்கும் நடந்துட்டு வருவமா?" என்று கேட்கலாம்.

முத்துநகர் கடற்கரையில் சாயங்காலக் காற்று நன்றாக இருக்கும். ரோச் பூங்காவில் உட்கார இடம் கிடைக்கும். திரும்பும் வழியில் பொரித்த பரோட்டாவும், கையில் கால் கிலோ மக்ரூனும் வாங்கிக்கொள்ளலாம். தூத்துக்குடிக்கு வருபவர்கள் தவறாமல் செய்யும் காரியம்தான் இது. உங்கள் தெருவில் இருக்கும் மிலிட்டரிக்காரரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள். பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால், பக்கத்தில் சும்மா நடந்தாலும் போதும்.